வலது கன்னத்து இராஜகுமாரி

கண்டிக்காரிகளுக்கு வயது ஏறவே ஏறாது. கொழும்பிலிருந்து புறப்பட்டு வரும் மூப்பு கடுகண்ணாவை மலையேற்றத்தில் மூச்சு வாங்கி, வந்த வழியே இறங்கிப் போய்விடும். சரி, சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். ஆனால் இதை முழுசாக நம்பும் ஓர் இனம் நம்மூரில் உண்டு. "எங்க குளிருக்கு ஏதுங்க வெயிலு?" என்று குடையைப் பார்த்துச் சிரிக்கும், வெயில் கொளுத்தும் வவுனியாவிலிருந்து வரும் உறவுக்காரியின் முகத்தில் சுருக்கம் தேடும், கிடைக்காவிட்டால் பவுடர் என்று சாதிக்கும்.

கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இராஜகுமாரி இந்த இனத்தின் தலைவி. காலமெல்லாம் அவள் உட்காரும் கதிரை ஜன்னலோரம். ஜன்னல் இடது கைப்பக்கம். குளிருக்குப் பயந்து கண்ணாடியைச் சாத்தி, வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட்டு, அதில் கன்னத்தைச் சாய்த்து இதமாகக் கோப்புகளைப் புரட்டியே சர்வீஸை முடித்தவள். இன்றைக்கு வலது கன்னம் மாம்பழம். இடது? அதை அவள் யாருக்கும் காட்டுவதில்லை.

தம்பி மகள் யசோதாவின் கல்யாணத்தன்று, பேராதனையில் டொக்டருக்குப் படிக்கும் நாத்தனார் மகள் சுந்தரி, புடவைக்கு ஊசி குத்திவிடும்போது அந்தக் கன்னத்துச் சுருக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"இது ஜன்னல் கண்ணாடி செஞ்ச வேலை, அத்தை. தோலைச் சுடுற கதிர்களை அது மறிக்கும். கிழடாக்குற புறஊதாவை விட்டுடும். அது உள்ள இறங்கி, செல்லைக் கெடுத்து, தோலை இழுத்துப் பிடிக்கிற நார்களை அறுத்துடும். மேகம், பனியெல்லாம் அதுக்குச் சல்லடைதான்."

"அடி போடி! சூடே இல்லாத வெயிலு என்னாத்தைக் கெடுக்கும்?"

படம் எடுக்கும் நேரம் வந்தது. பெண்வீட்டார் பெண்ணின் பக்கம் நிற்க வேண்டும். அங்கே நின்று மணமக்களைப் பார்த்துத் திரும்பினால் இடது கன்னம் கமெராவுக்கு! இராஜகுமாரி என்ன செய்தாள்? விறுவிறுவென்று போய் மாப்பிள்ளையின் சொந்தங்களுக்கு நடுவில் நின்றுகொண்டாள். மேடையே திகைத்தது. "பொண்ணோட அத்தைதானே? ஏதும் சண்டையா?" என்றது மாப்பிள்ளை வீடு. தம்பியின் முகம் கறுத்தது.

"என்மேல கோவமா, அத்தை?" என்றாள் யசோதா. கண் தளும்பிவிட்டது.

இத்தனை காலம் காத்த கன்னமா, தூக்கி வளர்த்த பிள்ளையா? பாவம், அவள் நின்ற நிலையை நினைத்துப் பாருங்கள்.

"கோவமாவது கீவமாவது! கண்ணைத் தொடை, மை கரையுது" என்று அதட்டிக்கொண்டே இந்தப் பக்கம் வந்து நின்றாள். பளிச்! இடது கன்னம் மொத்தமும் படத்தில் விழுந்தது.

சிரிக்கிறீர்களா? இதை எங்கே உட்கார்ந்து வாசிக்கிறீர்கள்? ஜன்னலோரமா? கை ஏன் கன்னத்துக்குப் போகிறது? பயப்படாதீர்கள். படத்தைப் பார்த்த பிறகு இராஜகுமாரி, உங்களையும் என்னையும் போன்றவர்களுக்கென்றே ஓர் உபாயம் வைத்திருக்கிறாள்: "அப்பப்போ கதிரையைத் திருப்பிப் போட்டுக்கங்க. ரெண்டு கன்னமும் சமமாயிடும்."

"கதிரையைத் தொடாதீங்க," என்றாள் கூடவே இருந்த சுந்தரி. "திரையை இழுத்து விடுங்க, போதும்."