பி.ஏ. தத்துவமும் எங்கள் மருந்து அறையும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மணிகண்டராஜ் அவர்களுக்கு,

விஸ்வநத்தத்திலிருந்து அத்தான் தனுஷ்கோடி எழுதுவது. தங்கள் அக்கா நலம். பட்டாசுக் கம்பெனி நலமில்லை. போனில் சொன்னால் வகுப்பு இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுகிறீர்கள் என்பதால் கூரியரில் அனுப்புகிறேன்.

"பிள்ளை கெட்டிக்காரி, பி.காம். எதுக்கு? என் காலேஜிலேயே தத்துவம் படிக்கட்டும்" என்று என் மகள் யோகேஸ்வரியை மதுரைக்குக் கூட்டிப்போனது தாங்கள். லீவுக்கு வந்தவள் முதலில் வீட்டில்தான் ஆரம்பித்தாள். சாம்பாரில் உப்பு இல்லை என்றேன். "உப்பு இல்லையா, இல்ல உங்க நாக்குக்குத் தெரியலையாப்பா?" என்றாள். அன்னைலருந்து உங்க அக்கா உப்பே போடுறதில்ல; கேட்டா என் நாக்கை நீட்டச் சொல்றா. சரி, வீட்ல இருந்தாத்தான வம்புன்னு சீசன் நேரத்துல கம்பெனிக்குக் கூட்டிப்போனேன் மாப்பிள்ளை. பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்துற அறையில நாலு பேர்தான் உக்காரணும். தீபாவளி லோடு நிக்குதேன்னு எட்டுப் பேரை வச்சிருந்தேன். "இம்புட்டுப் பேர் இருக்கலாமாண்ணே?"ன்னு போர்மேன் பெத்தணன்கிட்டக் கேட்டிருக்கா. அவன், "இத்தன வருசமா வெடிக்கலயே பாப்பா, இனியும் வெடிக்காது"ன்னான். "இதுவரைக்கும் வெடிக்கலங்கிறது, இனிமே வெடிக்காதுங்கிறதுக்கு எப்படிண்ணே சாட்சியாகும்?"னு கேட்டுட்டு அவ பாட்டுக்கு டீ குடிக்கப் போயிட்டா. பெத்தணன் யோசிச்சான். யோசிச்சுக்கிட்டே வெளிய வந்து வேப்பமரத்தடியில உக்காந்தான். அறைக்குள்ள வேலை செஞ்சுக்கிட்டிருந்து, என்னண்ணேன்னு கேக்க வந்த பொன்னுத்தங்கமும் உக்காந்துட்டா. மத்தியானத்துக்குள்ள மரத்தடி பூரா ஆளு, அறைக்குள்ள ஈ காக்கா இல்ல. "ஏலே, என்னலே இது?"ன்னா, "பதில் தெரிஞ்சாச் சொல்லுங்க மொதலாளி, உள்ள போறோம்"ங்கிறாக. எனக்கு எங்கன தெரியும்? உமக்காவது தெரியுமா? தத்துவம் நடத்தித்தான சம்பளம் வாங்குறீரு!

மகளைக் கூப்பிட்டு, "கேட்டத வாபஸ் வாங்கு"ன்னேன். "கேள்விய எப்படிப்பா வாபஸ் வாங்குறது? நீங்க பதில் சொல்லுங்க"ங்கிறா. லாரிக்காரன் ஆரன் அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சு தூங்கிட்டான்.

ஆகவே, தாங்கள் உடனே அவளுக்கு டி.சி. வாங்கி பி.காமில் சேர்த்துவிடவும். தங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமலும், கேள்வி கேட்கும் பிள்ளைகள் இல்லாமலும் பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
நொந்துபோன அத்தான்,
தனுஷ்கோடி

பி.கு.: கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி, "நானே உள்ள உக்காந்து காட்டுறேன், பாருங்கலே"ன்னு வீராப்பாக் கிளம்பினேன். வாசப்படி வரைக்கும் போனேன் மாப்பிள்ளை. கால் உள்ள போகல. மொத்தச் சனமும் பாத்துக்கிட்டிருக்கு, ஒருத்தரும் சிரிக்கல. "இனி அறைக்கு நாலு பேர்தான். எந்திரிங்க"ன்னேன். பெத்தணன்தான் முதல்ல எந்திரிச்சான். லோடு பாதிதான் போகும், போகட்டும். டி.சி. வாங்க வேண்டாம். அடுத்த லீவுக்கு மட்டும் அவ அங்கனயே இருக்க ஹாஸ்டல் திறந்திருக்குமான்னு விசாரிச்சுச் சொல்லவும்.