புடவை கட்டியவர்களுக்கு நெஞ்சுவலி வராது

இதய ரத்தக்குழாயில் எப்போது ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு உலகமே தலையைச் சொறிந்துகொண்டிருக்க, மரக்காணம் உப்பளத்துக்காரர்களுக்கு ஒரே காலைப்பொழுதில் விடை சொன்ன மகத்தான இலவச முகாமுக்கு நானும் போயிருந்தேன். துணைக்குத்தான். நெஞ்சுவலி பக்கத்து வீட்டு அருக்காணிக்கு. உப்புக்கூடையைத் தலையில் ஏற்றி வரப்பில் நூறடி நடந்தால் நெஞ்சை அடைக்கும். இறக்கி வைத்தால் விட்டுவிடும். அவள் கணவர் சக்கரபாணிக்கு வலியே கிடையாது. முகாம் வேனில் ஓர் இடம் காலியாக இருந்ததால் ஏறிக்கொண்டார்.

டாக்டர் சித்தார்த்தன் நீதிபதி போல உட்கார்ந்திருந்தார்.

"நடந்தா அடைக்குது சார். உக்காந்தா சரியாப் போவுது," என்றாள் அருக்காணி.

"டிரெட்மில்ல ஏத்திப் பார்த்தாத்தான் தெரியும். ஆனா புடவை மெஷின்ல மாட்டிக்கும்மா."

"தூக்கிச் செருகிக்கிறேன் சார். உப்புப் பாத்தியில அப்படித்தான நிக்கிறேன்."

"அதுக்கு ரூல்ஸ் இல்ல. காலையில என்ன சாப்பிட்டே?"

"பழையது."

"அப்போ கேஸ் டிரபிள்தான்."

இத்தனை துரிதமான "பரிசோதனை"யை நான் கண்டதில்லை.

சக்கரபாணி வேட்டியை அவிழ்த்து, டவுசரோடு மெஷினில் ஏறினார். நடந்தார், ஓடினார், நர்ஸ் மேரிசெல்வியிடம் அவள் ஊர் எது என்று விசாரித்தார். மெஷின்தான் சூடானது.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"மூச்சு வாங்குதா?"

"இன்னும் கொஞ்சம் வேகமா வுடுங்க சார்."

டாக்டரின் முகம் இருண்டது. "அறிகுறியே காட்டலைன்னா ரொம்ப ஆபத்து."

அன்றே டாக்டரின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோ எடுத்தார்கள். ஒரு குழாயில் அறுபது சதவீத அடைப்பு.

"மாத்திரையில பார்க்கக் கூடாதா சார்?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"படத்துல தெரியுதுல்லம்மா? தெரிஞ்சப்புறம் சும்மா வுட்டா எனக்குத் தூக்கம் வராது."

டாக்டரின் தூக்கத்தை முன்னிட்டு ஸ்டென்ட் வைக்கப்பட்டது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"பத்து நாளைக்கு இவரு கனமா எதையும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது. இவரு வேலையை யாரு பார்ப்பா?" என்று கேட்டார் டாக்டர்.

சக்கரபாணி வாசல் பக்கம் கை காட்டினார். மாடி ஏறி வந்த அருக்காணி பாதிப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கஞ்சித் தூக்கில். ஒரு கை நெஞ்சில்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். திருப்தியோடு படிவத்தில் தம் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டார்: "பராமரிப்பவர்: மனைவி. நல்ல உடல்நலம்."

அந்தத் தாளை நான்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், யார் போட்ட கையெழுத்து என்று கேட்பார்கள் அல்லவா.