கொடியில் காய்ந்த நெத்திலி

பொழுதுபோக்கு என்பது கல்யாணத்துக்குப் பிறகு ஆரம்பிக்க வேண்டிய சமாச்சாரம். அவசரப்பட்டு முன்னாலேயே ஆரம்பித்தால் கல்யாணமே கைவிட்டுப் போகும். என்னுடையது மயிரிழையில் தப்பியது.

பாளையங்கோட்டையில் எங்களுடையது சுத்த சைவ வீடு. முட்டை போட்ட கேக் என்று தெரிந்தால் அம்மா தட்டையே வெளியே வைத்துவிடுவாள். அந்த வீட்டில் உட்கார்ந்து, அம்மாவுக்குத் தெரியாமல், நான் மீன் செய்துகொண்டிருந்தேன். (சமையல் இல்லை, பதறாதீர்கள்.) என்னோடு வேலை பார்த்த உவரிக்காரன் அந்தோணி, கடற்கரைக்குக் கூட்டிப்போய்த் தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்தான். புழுவையும் இறாலையும் தொடமாட்டேன் என்று நான் அடம்பிடித்ததும், "அப்போ பொய் மீனு கட்டுலே மக்கா" என்று ஒரு வீடியோவைக் காட்டினான். தூண்டில் முள்ளில் முடியையும் மினுக்கு இழையையும் நூலால் இறுக்கிக் கட்டினால், தண்ணீருக்குள் அது குட்டி மீன் மாதிரி நெளியும். அதைத் தின்ன வருகிற பெரிய மீன் மாட்டிக்கொள்ளும்.

வெளிநாட்டில் இதற்கான சாமான்களுக்கென்றே கடை இருக்கிறதாம். எனக்குக் கடை அம்மாவின் பீரோதான். நரை கலந்த சவுரியிலிருந்து முடி, பழைய பட்டுச்சேலையிலிருந்து வெள்ளி ஜரிகை, கண்ணுக்கு ஸ்டிக்கர் பொட்டு, பளபளப்புக்கு நகப்பூச்சு. நெத்திலி செய்வதாக ஏற்பாடு. ஆனால் உயிருள்ள நெத்திலியை நான் பார்த்ததே இல்லை. சந்தையில் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்த கருவாடுதான் எனக்குத் தெரிந்த நெத்திலி. அதனால் என் மீன்கள் பிறக்கும்போதே செத்து ஒரு வாரம் ஆனவை போல விறைத்துக்கொண்டு நின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆழ்வார்குறிச்சியிலிருந்து, எனக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். பெண்ணை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். என் தட்டு கேசரியில் மட்டும் முந்திரி கூடுதலாக இருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கட்டினால் அவளைத்தான், இல்லாவிட்டால் யாரும் வேண்டாம் என்று இருந்தேன்.

அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நெற்றி நிறையத் திருநீறு. சொதியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். (பாதி சம்மதம் என்று அர்த்தம்.) கைகழுவப் புறவாசலுக்குப் போனார்.

"சிவ சிவா!"

ஓடினேன். துணி காயப்போடும் கொடியில், கிளிப் மாட்டி, வரிசையாக என் நெத்திலிகள். நகப்பூச்சு காயட்டும் என்று காலையில் தொங்கவிட்டதை அடியோடு மறந்திருந்தேன்.

"சைவ வீடுன்னுல்லா சொன்னீக! இங்கன கருவாடு காயுதே!"

பின்னாலேயே வந்த அம்மாவுக்கு உலகமே இருண்டது. "அண்ணாச்சி, காக்கா எங்கிருந்தாவது கொண்டுவந்து போட்டிருக்கும்."

"காக்கா கிளிப்பும் மாட்டுமோ?"

"மீன் இல்ல மாமா, முடி. மோந்து பாருங்க!" என்று ஒன்றைக் கழற்றி அவர் மூக்கருகே நீட்டினேன். (பரம சைவரிடம்!) அவர் என் கையை ஓங்கித் தட்டிவிட்டார். கீழே வந்த வேகத்தில் முள், என் சட்டைக் கையையும் அவர் வேட்டி முடிச்சையும் சேர்த்துத் தைத்துவிட்டது. ஏறினால் திரும்பி வராத ஜாதி முள். நான் இழுத்தேன், வேட்டி என்னோடு வந்தது.

"விடும்வே!"

"நான் விட்டுட்டேன் மாமா, முள்ளுதான் விடமாட்டேங்குது."

அம்மா கத்தரிக்கோலோடு வந்து குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. "ஏல, இது என் சவுரியில்லா! எலி கடிச்சிட்டுன்னு பொறி வச்சேனே, பாவி! என் பொட்டு! என் சேலை!"

தலைமையாசிரியர் முள்ளருகே குனிந்து பார்த்தார். ஸ்டிக்கர் பொட்டுக் கண் அவரையே முறைத்தது. முதலில் வயிறு குலுங்கியது. பிறகு வெடித்துச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் வேட்டியைப் பிடித்திருந்த கை நழுவியது. நல்லவேளை, உள்ளே கோடு போட்ட டவுசர். அந்த நேரம் பார்த்து அவர் மனைவியும் புறவாசலுக்கு வந்து சேர்ந்தார்.

"ஏளா, பாத்துக்கிட்டியா?" என்றார் மனைவியிடம். "இந்தக் கோலத்துல என்னைப் பாத்தவனை இனி வெளி ஆளா விட்டுவைக்க முடியாது. தை பிறக்கட்டும், கல்யாணத்தை வச்சிருவோம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

இன்றுவரை உவரிக் கடலில் ஒரு மீன்கூட என் நெத்திலியை மதித்ததில்லை. மாமனார்தான் கல்யாண வீடுகளில் என் தோளில் கைபோட்டு எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைப்பார்: "நம்ம மாப்ளே. கடல்ல மீன் பிடிக்கப் போவாக. இதுவரைக்கும் மாட்டுனது நான் ஒருத்தன்தான்."