பிஸ்கட்டின் முக்கோண முகம்

"காணாமப் போன பூனைன்னு போட்டிருக்கே. இதுல பூனை எங்க?" என்றான் ரெவாவின் நண்பன் டாமா, அவள் அச்சடித்த சுவரொட்டியைப் பார்த்து.

ரெவாவுக்குச் சுருக்கென்றது. ஆரஞ்சு முக்கோணங்களை அடுக்கி முகம், பச்சை அறுகோணங்களில் இரண்டு கண்கள். விலங்குகளை இப்படிக் கோணம் கோணமாக வரைவதுதான் அவள் தொழில். தொழில் என்று அவள் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இதுவரை ஒரு படம்கூட விற்றதில்லை.

"பேசாம ஒரு போட்டோ போடேன்."

"எப்ப எடுத்தாலும் வாலு மட்டும்தான்டா விழுது. ஒரு இடத்துல நிக்கிற ஜென்மமா அது?"

பிஸ்கட் என்ற அந்தப் பூனை, மாடியில் இருக்கும் வீட்டுக்கார மார்ஜரியுடையது. அவள் ஊரில் இல்லாத நாட்களில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ரெவாவுடையது; கதவைச் சாத்த மறந்த ஒரு நிமிடத்தில் அது ஓடிவிட்டது. மார்ஜரியோ அக்கரையிலுள்ள பிக்டன் ஊருக்குக் கப்பல் ஏறும்போதே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "ஞாயித்துக்கிழமை நான் வர்றப்போ பிஸ்கட் வாசல்ல நிக்கணும். இல்லேன்னா உன் பெட்டிதான் வாசல்ல நிக்கும்."

வெலிங்டனில் அந்த வாடகைக்கு வேறு அறை கனவிலும் கிடைக்காது. தெருவில் ஒரு கம்பம் விடாமல் ஒட்டினார்கள்.

மறுநாள் காலை ஒரு கம்பத்திலும் படம் இல்லை.

"காத்து," என்றான் டாமா. அந்த ஊரில் எது தொலைந்தாலும் பழி காற்றின் மேல்தான்.

ரெவா விடவில்லை. பக்கவாட்டு முகமாகப் புதிதாக வரைந்து, கெட்டித் தாளில் அச்சடித்து, பசை தடவி ஒட்டினாள். அதுவும் போனது. கம்பத்தில் ஒரு கிழிசல்கூட ஒட்டியிருக்கவில்லை.

"காத்து இவ்வளவு பொறுமையா உரிக்குமாடா?"

அப்போது போன் அடித்தது. "பூனைப் படம் போட்டது நீங்கதானே?"

"ஆமா! பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன், பிரமாதம்! நீலத்துல கிடைக்குமா? எங்க சோபா நீலம்."

கோபம் வந்திருக்க வேண்டும். ரெவாவோ நாற்காலி மேல் ஏறிக் குதித்தாள். "டாமா! என் படத்தைக் கேக்குறாங்கடா! சோபாவுக்குப் பொருத்தமா கேக்குறாங்க!"

"சரி, பூனை?"

"எந்தப் பூனை?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் கை நிற்கவில்லை. சுருண்டு தூங்கும் பிஸ்கட்டை நீல வட்டங்களில் வரைந்தாள். அவள் வரைந்ததிலேயே அதுதான் அழகு. சனிக்கிழமை ஒட்டிய பசை காய்வதற்குள் அத்தனையும் மாயம்.

ஞாயிறு காலை மார்ஜரியின் கப்பல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டி கட்டுவதற்கு முன் வயிற்றையாவது கவனிப்போம் என்று டாமா அவளை ஐலீனின் மீன் வறுவல் கடைக்கு இழுத்துப் போனான்.

உள்ளே நுழைந்ததும் ரெவா நின்றுவிட்டாள். எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு அவளுடைய மூன்று படங்களும் வரிசையாகத் தொங்கின. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு கீழே பார்த்தாள். நாற்காலியில் ஒரு சுற்றுப் பெருத்துப்போய் உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்தது பிஸ்கட்.

"ஐலீன்! இது எங்க பூனை!"

"தெரியுமே. முதல் படம் ஒட்டின அன்னிலேர்ந்து இங்கதான் கெடக்கு. மீனா தின்னு தள்ளுது."

"தெரியுமா? கீழ என் நம்பர் போட்டிருந்தேனே! ஒரு போன் பண்ணக் கூடாதா?"

ஐலீன் மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"பண்ணலாம்னுதான் கண்ணு போனை எடுத்தேன். பூனை கெடச்சுட்டா அடுத்த படம் வராதேன்னு தெருவே கூடி வந்து தடுத்துடுச்சு."