தழுவல் அண்ணன் யாரையும் சாகவிடமாட்டார்

சிலிம் ரிவர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோரோடு சண்டை போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பெருஞ்சாலைக்கு நடந்துகொண்டிருந்தேன். சொந்தமாக ஒரு வரிகூட எழுதாமலே எழுத்தாளராகிவிட்ட உலகின் ஒரே மனிதர் என் பக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். நேற்றிலிருந்து இல்லை என்றேன்.

"நல்லதா போச்சு லா. ஏறு தம்பி. பட்டினி கெடக்கிறவனா நடிக்க ஆளு தேடிக்கிட்டு இருக்கேன்."

ஈப்போவில் அவருக்குப் பெயர்ப்பலகை எழுதும் தொழில். ஆண்டுக்கு ஒருமுறை, பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாடகம் போடுவார். அந்த மேடைக்காகவே மற்ற நாட்களில் உயிரோடு இருந்தார். ஊர் அவரைத் 'தழுவல்' என்றே கூப்பிட்டது. இயற்பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். தழுவல் என்றால் என்ன என்று வழியிலேயே கேட்டேன்.

"அடுத்தவன் கதைய அப்படியே எடுத்தா காப்பி. அதுக்கு நம்ம சட்டைய மாட்டி விட்டா தழுவல்."

சட்டை மாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் கை பட்டால் அரசன் தோட்டக் கணக்கெழுதும் கிராணியாவான், அரண்மனை துரை பங்களாவாகும், கடல் கிந்தா ஆறாகும். கப்பல் மூழ்கும் கதை கிடைத்தபோது ரப்பர் பால் லோரியை ஆற்றில் இறக்கினார். லோரி முழங்கால் ஆழத்தில் மூழ்கியது. இன்னொரு வியாதியும் அவருக்கு உண்டு: யாரையும் சாகவிடமாட்டார். விஷம் குடித்தவர்கள் வாந்தியெடுத்துப் பிழைப்பார்கள். தூக்குக் கயிறு அறுந்து விழும். எந்த ஆஸ்பத்திரியும் அவர் அளவுக்கு உயிர்களைக் காப்பாற்றியிருக்காது.

அந்தச் சொல்லை ஊர் சும்மா விடவில்லை. மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் என்ற பால் தேநீர் நீர்த்துப்போயிருந்தால், இது பாலின் தழுவல் என்றார்கள். குழம்பில் கோழியைத் தேடிக் களைத்தவர்கள், கோழியின் தழுவல் என்றார்கள். அவர் இதையெல்லாம் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

நான் நடிக்கவிருந்த நாடகத்தன்று தைப்பிங்கிலிருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் வந்து இறங்கினார். ஒத்திகைக் காணொளியை யாரோ அவருக்குக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார்கள்.

"இது என்ர நாடகம். தழுவல் எண்டா கேட்டு எடுக்கவேணும். ஆற்ற கதை, ஆர் எழுதினது எண்டு சொல்லவேணும்" என்றார் கோயில் தலைவரிடம்.

அதுவரை எங்களில் யாருக்கும் அப்படி ஒரு விதி இருப்பது தெரியாது. ஆசிரியர் நியாயமானவர்தான். தன் பெயரை அறிவிக்க வேண்டும், முடிவை மாற்றக்கூடாது, அவ்வளவே கேட்டார். அவர் முடிவில், தோட்டத்தைவிட்டு விரட்டப்பட்ட தொழிலாளி பசியால் சாலையோரத்தில் செத்துப்போகிறான். மீறினால் இதுதான் கடைசி மேடை என்றார் தலைவர். தழுவல் தலையாட்டினார். பெயரையும் அவரே ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

கடைசிக் காட்சியில் நான் மேடையில் விழுந்து கிடந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து தழுவல் மணியடித்தால் என் உயிர் போகவேண்டும். மணி வரவில்லை. மூச்சை அடக்கிக் கிடந்தேன். கூட்டத்தில் யாரோ, சாகறதுக்கும் டெண்டர் விட்டிருக்காங்களா என்று முனகினார்கள். பிறகு பெயிண்ட் காய்ந்த காற்சட்டையோடு அவரே மேடைக்கு வந்தார். கையில் பரோட்டா போன்ற ரொட்டிச் சானாய்.

"எந்திரிடா. சாப்பிடு. காலையில வேலைக்குப் போவணும்."

கூட்டம் கைதட்டியது. தலைவர் தட்டவில்லை. இனி உங்களுக்கு இங்கே மேடை கிடையாது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஆசிரியருக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகம். ஒரேயொரு ஆளைச் சாகவிட்டிருந்தால் மேடை மிஞ்சியிருக்குமே என்று கேட்டார்.

"நடிச்சவன் நெசமாவே பட்டினியில வந்தவன், ஐயா. அவனையே படுக்க வச்சு எப்படிச் சாகடிக்கிறது?"

மறுநாள் காலை அவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, ஈப்போவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் இறக்கினார். தட்டுக் கழுவும் வேலை. ஆள் யார் என்று முதலாளி கேட்டார்.

"எங்க வீட்டுப் பையன்" என்றார் தழுவல்.

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனேன்.