கொப்பரைக் களத்தில் ஹாக்கி

கோயமுத்தூர்,
9.3.1996

என்றும் என் மரியாதைக்குரிய லட்சுமணசாமி மாமா அவர்களுக்கு, தங்கள் அக்கா மகள் மதிவதனி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவின் முழங்கால் தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே கொப்பரை வெட்டும் மெஷின் தவிர மற்ற எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாப்பாயி அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அத்தை கொடுத்தனுப்பிய தேங்காய் பர்பி வந்து சேர்ந்தது. டப்பாவை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பூட்டிய காங்கேயம் களத்தை எங்கள் மில் ஹாக்கி டீமுக்கு மறுபடியும் திறந்துவிட வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். சித்திரை முதல் வாரம் பெங்களூரில் ஒரு போட்டி இருக்கிறது. அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில், பெண்கள் கொப்பரையைக் காயப் பரப்ப வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கிடைத்தால் போதும். இதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் நீங்கள் கண்ணாடியைக் கழற்றியிருப்பீர்கள். அதனால்தான் பர்பியில் ஆரம்பித்தேன்.

லீக்கைப் பூட்டிவிட்டார்கள் என்று அம்மா போனில் சொன்னதும், மில்லைத்தான் பூட்டிவிட்டார்களோ என்று நீங்கள் பதறினீர்களாம். மில் மூன்று ஷிப்டும் ஓடுகிறது. நின்றது ஹாக்கி மட்டும்தான். வருஷா வருஷம் தை மாதம் மில் டீம்களுக்குள் நடக்கும் லீக் இது. இந்த வருஷம் எல்லா டீம் ஆட்டக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து, பிராக்டிஸ் முடிந்ததும் ஆளுக்கு ஒரு அவித்த முட்டை வேண்டும் என்று கேட்டார்கள். எல்லா மில் நிர்வாகங்களும் ஒன்றாகச் சேர்ந்து, வாழைப்பழம் தருகிறோம் என்றார்கள். பழம் ஏற்கெனவே தருகிறீர்களே என்று இவர்கள் சொல்ல, அதையே கொஞ்சம் பெரிதாகத் தருகிறோம் என்று அவர்கள் சொல்ல, பேச்சு வளர்ந்து, முட்டையைக் கைவிடுகிறோம் என்று எழுதிக் கொடுக்கும்வரை லீக் கிடையாது என்று கிரவுண்டு கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். இதில் ஆச்சரியம், லீக்கில் ஒருத்தர் முட்டியை ஒருத்தர் பேர்த்துக்கொண்ட டீம்கள் எல்லாம் இந்த முட்டைக்காக ஒரே டீக்கடையில் உட்கார்ந்து ஒற்றுமையாக டீ குடிக்கின்றன. லீக் நடந்தபோதுகூட இத்தனை விளையாட்டு உணர்வை நான் பார்த்ததில்லை.

நான் எங்கே இருந்து பார்த்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் லைன் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கிரவுண்டு முழுசும் தெரியும். மேட்ச் இருக்கிற நாளெல்லாம் நான் துணி காயப்போடுவேன். காய்ந்த துணியை நனைத்து மறுபடியும் காயப்போடுவேன். பள்ளிக்கூடம் படிக்கிற காலத்திலிருந்து இப்படித்தான். அம்மாவின் சேலையெல்லாம் வெளுத்துப்போனதற்கு லீக் நீளமாக நடந்ததுதான் காரணம், சோப்பு இல்லை. ஒரு நாளும் நான் கைதட்டியதில்லை, சத்தம் போட்டதில்லை. ஆனால் எங்கள் டீமைப் பற்றி எனக்கு அபிப்பிராயங்கள் உண்டு. இதுவரை யாரும் கேட்காததால் உங்களிடம் சொல்கிறேன். வேகத்தில், ஸ்டிக் பழக்கத்தில், தம் பிடித்து ஓடுவதில் எங்கள் டீமுக்குக் குறையே கிடையாது. ஒரே குறை மரியாதை. கோலுக்கு முன்னால் நம் ஆட்கள் இரண்டு பேர் பந்தோடு போய் நின்றால், "நீங்க அடிங்க", "இல்லீங்க, நீங்களே அடிங்க" என்று ஒருத்தரையொருத்தர் உபசரிப்பதற்குள் எதிர் டீம் பந்தை எடுத்துக்கொண்டு போய்விடும். கோல் கீப்பர் மெர்வின் இருக்கிறானே, கோல் விழுந்தால் அடித்தவரிடம் "நல்ல அடிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பந்தை எடுக்கக் குனிவான். கோச் அப்துல் கையூம் அண்ணன் அதட்டித் திருத்தலாம். ஆனால் கிரவுண்டை ஒட்டிய லைன் வீடுகளில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூங்குகிறார்கள் என்று அவர் இத்தனை வருஷமாக ரகசியம் பேசுகிற குரலில்தான் கோச்சிங் கொடுக்கிறார். பாதி கிரவுண்டுக்கு மேல் அவர் சொல்வது எட்டாது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு போன வருஷம் லீக்கில் இரண்டாவதாக வந்தார்கள் என்றால், உபசாரத்தைக் கொஞ்சம் குறைத்தால் எங்கே போவார்கள் என்று யோசித்துப் பாருங்கள் மாமா. நான் மாடியில் நின்று அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிரவுண்டைப் பூட்டிய பிறகு டீம் பட்ட பாட்டை நீங்கள் அறிய மாட்டீர்கள். முதலில் மில்லுக்குப் பின்னால் இருக்கும் ரோட்டில் ஆடினார்கள். கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர் டயருக்கு அடியில் பந்து மாட்டியதும் இறங்கி, ஆட்டத்தைப் பற்றித் தன் கருத்தைச் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. பிறகு பல்லடத்தில் டீம் கேப்டன் அன்புமணி அண்ணனுக்குத் தெரிந்தவர் கோழிப்பண்ணையில் காலியாக இருந்த ஒரு நீளக் கொட்டகையைக் கொடுத்தார். காலி என்றால் அந்தக் கொட்டகை மட்டும்தான் காலி. பக்கத்துக் கொட்டகை நிறையக் கோழி. பந்து தகரத்தில் மோதின சத்தத்தில் மறுநாளே கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. முட்டைக்காகப் போராடும் டீம் ஒரு பண்ணையையே முட்டையில்லாமல் செய்துபோட்டது என்று நிர்வாகத்தின் காதுக்குப் போய், மேனேஜர் அன்றைக்கு முழுக்க வாய்விட்டுச் சிரித்தாராம்.

இந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது. இங்கிலீஷில் பதில் எழுத ஆள் தேடி அன்புமணி அண்ணன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். எழுதி முடித்ததும், லெப்ட் சைடில் இன்னும் ஒரு ஆள் தள்ளி நிற்கலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். "துணி காயப்போடற அம்மணி நீங்கதானுங்களா?" என்றார். அன்றிலிருந்து டீமின் கடிதங்கள் எல்லாம் என் பொறுப்பு. போட்டி செயற்கைப் புல் தரையில். நம் ஆட்கள் அதைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. மண் தரையில் பந்து தட்டுத் தடுமாறி வரும், நாம் போய் அழைத்து வரலாம். அந்தத் தரையில் பந்து நமக்காக நிற்காது. அப்படி வழவழவென்று மட்டமான தரை இந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் தலையைச் சொறிந்தபோதுதான் எனக்கு உங்கள் களம் ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் நீங்களும் அத்தையும் கூலிக்குத் தேங்காய் உடைத்த அதே களத்தைக் குத்தகைக்கு எடுத்து, விரிசல் விட்ட இடமெல்லாம் கொத்தி, முழுசுக்கும் புதுசாகச் சிமெண்ட் போட்டீர்களே, தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாமல் திகைத்து நிற்குமே, அந்தத் தரை. கேட்டதும் நீங்கள் மறு பேச்சுப் பேசாமல் வரச் சொன்னீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் வந்து குடோன் வராந்தாவில் படுத்து, ஞாயிறு வெளுத்ததும் ஆடினார்கள். அங்கே பந்து போகிற வேகத்தில் "நீங்க அடிங்க" என்று சொல்ல நேரமில்லை என்று கையூம் அண்ணன் வந்து ரகசியமாகச் சொன்னார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இனி, நீங்கள் களத்தைப் பூட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை. மெர்வின் சொன்னதையும் அத்தை போனில் சொன்னதையும் சேர்த்து வைத்து எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்தவும். பந்து ஒன்று மெர்வின் காலில் பட்டு எகிறி, மூலையில் குவித்திருந்த கொப்பரைக்குள் போய் விழுந்தது. அவன் உடனே தேடாமல், குவியல் உங்களுடையது, கேட்காமல் கை வைக்கக் கூடாது என்று உங்களைத் தேடி வந்தான். "ஏனுங்க, ஒரு சமாச்சாரமுங்க" என்றான். நீங்கள், "மொதல்ல உக்காருங்க கண்ணு. காப்பி குடிச்சுப்போட்டுப் பேசலாமுங்க" என்றீர்கள். நம் பக்கத்தில் வந்தவரை என்ன காரியமாக வந்தீர்கள் என்று எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. வந்தவரும் கேட்பதற்கு முன்னால் சொல்வதில்லை. அத்தை பால் கறந்து காப்பி போட்டார்கள். அவன் குடித்தான். குடித்து முடித்ததும் சொல்ல வாயெடுத்தான். "ஊடு எந்தப் பக்கமுங்க உங்களுக்கு?" என்று கேட்டீர்கள். பெரியவர் கேட்கும்போது பந்தைப் பற்றிப் பேசுவது மரியாதையில்லை என்று அவன் ஊர், தெரு, அப்பா வேலை, அக்கா கட்டிக்கொடுத்த இடம் எல்லாம் சொன்னான். இன்னொரு டம்ளர் காப்பி வந்தது. இதற்குள் பெண்கள் வந்து குவியலை மூட்டை பிடித்தார்கள், மூட்டை மெஷினுக்குப் போனது. அவன் கடைசியில், "ஏனுங்க, பந்து ஒண்ணு உங்க கொப்பரைக்குள்ள போயிருச்சுங்க" என்று சொன்னபோது மெஷின் அதை முன்னாலேயே சொல்லிவிட்டிருந்தது. பிளேடு உடைந்து, ஷாப்ட் வளைந்து, பெல்ட் அறுந்து வேப்பமரத்தில் போய்த் தொங்கியது என்று கேள்விப்பட்டேன்.

உங்கள் கோபம் நியாயமானதுதான். அந்த மெஷினுக்கு நீங்கள் எத்தனை வருஷம் காத்திருந்தீர்கள் என்று அம்மா சொல்லி எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் கோபப்பட்ட விதத்தையும் கையூம் அண்ணன் சொன்னார். "இனி ஒருத்தரும் இந்தக் களத்துல கால் வெக்கக்கூடாதுங்க. மத்தியானச் சாப்பாட்டச் சாப்பிட்டுப்போட்டு எல்லாரும் கெளம்பிருங்க" என்றீர்களாம். அவர்களும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அத்தை ரசத்துக்கு மறுசோறு போட்டபோது வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்தார்களாம். மாமா, நான் சின்னவள், சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்லிப்போடறேனுங்க. குற்றத்தில் பாதி மெர்வினுடையது என்றால் மீதிப் பாதி அந்த இரண்டாவது டம்ளர் காப்பியுடையது.

இவர்களில் யாருக்காக அம்மணி இத்தனை பாடுபடுகிறது என்று நீங்கள் அம்மாவிடம் கேட்டீர்களாம். அம்மா இரண்டு நாளாக என் முகத்தையே பார்க்கிறார்கள். அன்புமணி அண்ணனுக்குக் கல்யாணமாகிவிட்டது, மெர்வின் என்னைவிடச் சின்னவன், கையூம் அண்ணனுக்குப் பேரன் இருக்கிறான். யாருக்காகவும் இல்லை மாமா. பதினொரு பேருக்காகவும்தான். இதைப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. தனியாக நின்று பார்த்த ஒன்று, என் சொந்தம் மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான். போன வருஷம் முதலாவதாக வந்த டீம் இந்தக் கதவடைப்பில் கலைந்தேபோய்விட்டது. இரண்டு பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள், ஒருவர் ஸ்டிக்கை விற்றுவிட்டார். எங்கள் ஆட்கள் இன்னும் கலையாமல் இருப்பது பெங்களூர் என்ற ஒரு சொல்லால்தான். போய்த் தோற்றாலும் டீமாகத் திரும்பி வருவார்கள். போகாமலே இருந்தால் லீக் திறக்கும்போது ஆட ஆள் இருக்காது. லீக் திறக்கும் மாமா. முட்டைக்காக எத்தனை நாள் கோபமாக இருக்க முடியும்?

மெஷினைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அன்புமணி அண்ணன் மில்லில் பிட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். வளைந்த ஷாப்டைக் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், புதுசாகக் கடைந்து தர ஏற்பாடு செய்திருக்கிறார். எப்போது முடியும் என்று கேட்டால் சிரிக்கிறாரே தவிரப் பதில் சொல்வதில்லை. தயாரானதும் டீமே கொண்டுவந்து மாட்டிக் கொடுக்கும். அன்றைக்காவது கேட்டைத் திறந்து உள்ளே விடுங்கள். விட்டால் அப்படியே கொஞ்சம் ஆடிக்கொள்வார்கள். வெயில் குறையாமல் காயட்டும், மழை உங்கள் களத்தைத் தாண்டிப் போய்ப் பெய்யட்டும், எண்ணெய் தெளிந்து வரட்டும் என்று வேண்டிக்கொண்டு, உங்கள் இருவர் பாதங்களையும் தொட்டு வணங்கி முடிக்கிறேன்.

தங்கள் அன்பு மருமகள்,
மதிவதனி

பி.கு. கவரை ஒட்டியபின் மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். தபாலில் போடக் கிளம்பியபோது மெர்வின் வாசலில் நின்றான். "தபால் எதுக்குங்க? நானே கையில குடுத்தர்றேன். சாயங்காலம் அங்கதானுங்க போறோம்" என்றான். எங்கே என்றேன். காங்கேயத்துக்கு என்றான். போன இரண்டு ஞாயிறும் உங்கள் களத்தில்தான் ஆடினார்களாமே? ஷாப்டை மாட்டி, மெஷின் ஓடியதும் நீங்கள் எழுந்து போய்க் கேட்டைத் திறந்துவிட்டீர்களாமே? கொப்பரைக் குவியலைச் சுற்றி வலை கட்டி, நீங்களே மெர்வினுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போடுகிறீர்களாமே? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "நீங்க ரெண்டு வாரமா லெட்டர் எழுதிட்டு இருந்தீங்க. மும்முரமா எழுதறவங்க கிட்ட நடுவுல போயிப் பேசக் கூடாதுன்னு அன்புமணி அண்ணன் சொல்லிப்போட்டாருங்க" என்றான். எழுதியதைக் கிழிக்க மனமில்லை, அதனால் அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். முடிந்தால் இதைப் படிக்காமலே அத்தையிடம் கொடுத்துவிடுங்கள் மாமா. தானாகத் திறந்த கேட்டை என் கடிதம் வந்து சாத்திவிடக் கூடாது.