காய்ந்த கசடுக்குத் தண்ணீர் பாய்ச்சிய மச்சானுக்கு

செக்காலை, காரைக்குடி.
புதன்கிழமை.

மரியாதைக்குரிய கல்லல் மச்சான் தங்கச்சாமி அவர்களுக்கு, மாப்பிள்ளை அழகுசுந்தரம் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை தேவிகா, பிள்ளைகள் யாவரும் சுகம். அங்கு அக்காவும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்கட்டும். உங்கள் சுகத்தை இப்போதைக்கு நான் விசாரிப்பதாக இல்லை. போனில் திட்டினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டேன். கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடக்கூடாதே என்று கழிவுநீர் நிலையத்தில் என் இடத்தில் உங்களை உட்காரச் சொன்னேன். வேலையையும் படித்துப் படித்துச் சொன்னேன். சாக்கடை நீரைச் சுத்தம் செய்தபின் மிஞ்சும் கசடைக் கஞ்சி மாதிரி மணல் படுகையில் பரப்பியிருக்கிறோம், பாதித் தண்ணீர் மணலில் இறங்கும், மீதியை வெயில் குடிக்கும், காய்ந்து பாளம் பாளமாக வெடித்ததும் சுரண்டி லாரியில் ஏற்றுவோம், அதுவரை ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை என்றேன். அதற்கு உங்களை விட்டால் ஆள் கிடையாது என்று நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

பதினேழு நாள் காய்ந்த படுகை மச்சான். வேப்பங்கன்றுக்கு விடுகிற குழாயைத் திருப்பி அதற்குள் போட்டு வால்வைத் திறந்தீர்கள். அதோடு விட்டீர்களா? ஓரமெல்லாம் வரப்பு அணைத்து, கடைசி மூலை வரை தண்ணீர் ஏறுகிறதா என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்தீர்களாம். மறுநாள் காலையில் லாரி வந்து நிற்கிறது, இன்ஜினியர் நாகஜோதி வந்து நிற்கிறார், படுகையில் கொக்கு வந்து நிற்கிறது. "என்ன, நாத்துப் பாவப் போறீகளா?" என்று அந்தம்மா கேட்க, கேலி என்றுகூடப் புரியாமல், "முதல்ல மண்ணு நல்லா ஊறட்டும் தாயி" என்றீர்களாம். காய்ச்சலோடு ஓடிவந்து ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்டதற்குச் சொன்னீர்களே ஒரு பதில்: "வெடிச்சுக் கெடக்குறதப் பாத்துக்கிட்டு எப்பிடி மாப்ள சும்மா உக்காந்திருக்கது?"

அடுத்த கசடு தொட்டியில் விளிம்பு தட்டி நிற்கிறது. பத்து நாளில் படுகை காலியாகாவிட்டால் என்னை வரவே வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். மழை வேறு கருக்கிக்கொண்டு வருகிறது. கண்டரமாணிக்கத்தில் என் ஒன்றரை ஏக்கர் மானாவாரி காய்ந்து கிடக்க, ஊரே மழை வேண்டிக் கும்பிட, நான் ஒருவன் மட்டும் மழை வேண்டாம் என்று கும்பிடுகிறேன். எல்லாம் உங்களால்.

இனி நிலையத்து கேட்டுக்கு இங்குட்டு உங்கள் கால் படக்கூடாது. பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்களுக்கு ஒன்றும் கிடையாது.

கோபம் தீராத,
அழகுசுந்தரம்

பின்குறிப்பு: ஏழு நாளாக அலமாரியில் கிடந்த உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மழை ஏமாற்றிவிட்டது. படுகை காய்ந்து மறுபடி வெடித்துவிட்டது. இன்று தனியாக நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் மச்சான். திடீரென்று பார்த்தால் என் கை வால்வின் மேல் இருக்கிறது, அரைச் சுற்று திறந்தும்விட்டேன், பதறி மூடினேன். லாரி வர இன்னும் மூன்று நாள் இருக்கிறது. கடிதம் கண்டதும் புறப்பட்டு வாருங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளலாம்.